சரத் பூர்ணிமாவை குஜராத்தில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்? நவராத்திரி முடிந்த பிறகும் கர்பா ஆடுவது ஏன்?

அகமதாபாத்தின் மணிநகரில் 11 ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விஜயதசமி கழிந்து ஐந்தாம் நாள் அளவில் வரும் ஆசுவின மாதப் பௌர்ணமியை குஜராத்தியர் 'சரத் பூனம்' என்பார்கள். நவராத்திரியின் ஒன்பது இரவுகளும் அம்பாளுக்கு என்றால், இந்த இரவு கண்ணனுக்கு. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், 29 முதல் 33 வரையான ஐந்து அத்தியாயங்களில் வரும் ராஸலீலை நிகழ்ந்த இரவு இதுவே என்று நம்புகிறார்கள். ஆகவே தசமியோடு ஆட்டம் ஓய்வதில்லை.

என்னைக் கேட்டால், கர்பாவைப் பார்ப்பதற்கு நவராத்திரியைவிட இந்த இரவே நல்லது. நவராத்திரியில் பெரிய மைதானங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகிறோம். சரத் பூனம் அன்று எங்கள் குடியிருப்பின் முற்றத்திலேயே, வண்டிகளை அப்புறப்படுத்திவிட்டு, பேரப்பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை வட்டம் கட்டுவார்கள். முதலாண்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என்னை, மாடிவீட்டுப் பாட்டி (எல்லோரும் 'பா' என்றே அழைப்போம்) "சாலோ பாய்!" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார். 'த்ரண் தாளி' என்னும் மூன்று கைத்தட்டு ஆட்டம் அது. நம் கும்மியைப் போலவே குனிந்து, தட்டி, நகர வேண்டும் என்பதால் கைகள் விரைவில் பழகிவிட்டன, கால்கள்தாம் அன்றிரவு முழுவதும் பக்கத்திலிருந்தவரை மிதித்துக்கொண்டிருந்தன. கோலாட்டம் தெரிந்தவர்களுக்கு தாண்டியாவும் அவ்வளவு அந்நியமாக இராது.

ஆட்டத்துக்கு முன்பே மொட்டைமாடியில் 'தூத் பௌவா' வைத்துவிடுவார்கள். காய்ச்சி ஆறவைத்த பாலில் அவலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் கட்டி, நிலவொளி படும்படி வைப்பது வழக்கம்; அன்றைய நிலவில் அமுதம் பொழிகிறது என்பது நம்பிக்கை. நள்ளிரவுக்குப் பின் அந்தக் குளிர்ந்த பாலோடு சுடச்சுட உருளைக்கிழங்கு வடை தருவார்கள். பா மட்டும் உண்பதற்கு முன் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு, நிலா வெளிச்சத்திலேயே நூலைக் கோக்கப் பார்ப்பார். அப்படிச் செய்தால் கண்பார்வை தெளியுமாம். நான்கைந்து முயற்சியில் கோத்தும்விடுவார்.

2023-இல் சரத் பூனம் அக்டோபர் 28 அன்று வந்தது. அன்றிரவு 1:05 மணிக்குச் சந்திர கிரகணம் பிடித்ததால், பாலை நிலவில் வைக்கலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் ஐப்பசி அன்னாபிஷேகமும் அதே நாளில்தான். எங்கள் குடியிருப்பில் கர்பாவை முந்தைய இரவே ஆடிவிட்டு, கிரகணம் விட்ட 2:24 மணிக்குப் பிறகு, விழித்திருந்த சிலர் மட்டும் பால் பாத்திரத்தை மாடிக்குக் கொண்டுபோனோம். வடை அந்த ஆண்டு கிடையாது.