மஞ்சள் மட்டும் போதாது: இலையுதிர்காலக் காட்சி பற்றிக் கேள்வி பதில்

ரஷ்ய ஓவியர் ஐசக் லெவித்தான் 1895-ல் வரைந்த ‘பொன் இலையுதிர்காலம்’ படத்தைப் பார்த்து வரைந்த புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டவை.

முத்தியால்பேட்டையிலிருந்து: அக்கா, இருக்கிற மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் போட்டேன். படம் கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கிறதே?

நீலம் எங்கே தம்பி? லெவித்தானின் பிர்ச் மரங்கள் அப்படி எரிவதற்குக் காரணம் பக்கத்தில் ஓடும் நீல ஆறு. அந்த ஆற்றை விரலால் மறைத்துப் பாருங்கள், மஞ்சளுக்குப் பாதி உயிர் போய்விடும். பளிச்சென்ற மஞ்சளான கேட்மியம் யெல்லோவை வெயில் நேராக விழும் இலைகளுக்கு மட்டும் வையுங்கள். மற்றதற்கு மண் மஞ்சளான யெல்லோ ஓக்கர். நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவில் (செம்பழுப்பு) துளி அல்ட்ராமெரின் (அடர் நீலம்). கறுப்பு வேண்டவே வேண்டாம், மஞ்சளில் சேர்ந்தால் பாசிப் பச்சையாகிவிடும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: சோகமாகத்தான் வரைய வேண்டுமா?

யார் சொன்னது? இந்தப் படமே சந்தோஷமான படம்தான். சோகமும் உற்சாகமும் பெரும்பாலும் வானத்தில் இருக்கிறது. தெளிந்த வானம், கூர்மையான நிழல் என்றால் உற்சாகம். மேகம் மூடி, ஓரங்கள் ஈரத்தில் கரைந்தால் அதே மரம் ஏக்கமாகிவிடும். ஒரே மரத்தை இரண்டு விதமாகவும் சின்னத் தாளில் போட்டுப் பாருங்கள்.

வில்லியனூரிலிருந்து: நம்ம ஊரில் இலையுதிர்காலமே இல்லையே, எதைப் பார்த்து வரைவது?

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை, எங்கும் பச்சை. ஆனால் நாட்டுவாதாம் மரம் இருக்கிறதே! உதிரப் போகும் இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், இன்னும் போகாத பச்சை மூன்றும் ஒரே இலையில் கிடைக்கும். பச்சையம் சிதையும்போது அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்புறம் புதிதாக உண்டாவது. வாட்டர்கலரிலும் அதே வரிசைதான்: மஞ்சள் வாஷ் (தண்ணீர் அதிகம் கலந்த மெல்லிய பூச்சு) முதலில், அது காய்ந்த பிறகு சிவப்பு. நிழலை மட்டும் இங்கிருந்து எடுக்காதீர்கள். ரஷ்யாவில் இலையுதிர்காலத்தில் சூரியன் மத்தியானத்திலும் தாழ்வாகவே நிற்கும், நிழல் நீளமாக விழும்.

பாகூரிலிருந்து: மழைநாளில் வாஷ் காயவே மாட்டேன் என்கிறது.

300 ஜிஎஸ்எம் தடிமனான தாள், தள்ளிப் பிடித்த ஹேர் டிரையர். அவசரமில்லை என்றால் தூரத்து மரங்களை அந்த ஈரத்திலேயே போட்டுவிடுங்கள், மூட்டம் தானாக வரும்.

நெய்வேலியிலிருந்து: எத்தனை இலை வரையணும் அக்கா?

முன்னால் இருக்கும் கிளைக்குப் பத்திருபது. மீதியெல்லாம் கொத்துக் கொத்தாக, பெரிய பிரஷ்ஷில்.