யார் இந்த அசோக் குமார்?

கேள்வி: பெரிய படம் வரும்போதெல்லாம் 'அசோக் குமார்' என்பவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததாகப் படிக்கிறேன். யார் சார் இந்த ஆசாமி? ஏன் இன்னும் இவரைப் பிடித்து உள்ளே தள்ளவில்லை?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே! படத்தைத் திருடி இணையத்தில் ஏற்றப் போகிறவர் யாரென்று வழக்குப் போடும் நாளில் தயாரிப்பாளருக்குத் தெரியாது. பிரதிவாதியின் பெயர், முகவரியைத் 'தெரிந்த அளவுக்கு'க் கொடுத்தால் போதும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம் (ஆணை 7, விதி 1). அந்தக் காலி இடத்தில் எழுதுகிற பெயர்தான் அசோக் குமார். நிஜ அசோக் குமார்கள் நிம்மதியாகத் தூங்கலாம். இங்கிலாந்தில் ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்ற கற்பனை ஆட்களை வைத்தே நில வழக்கு நடத்தினார்கள். 1852இல் அதற்கு முடிவு கட்டினார்கள். டெல்லியில் 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, ஆட்டங்களைத் திருட்டுத்தனமாக ஒளிபரப்பும் பெயர் தெரியாத கேபிள்காரர்களுக்கு எதிராக இதே பாணியில் உத்தரவு வாங்கினார்கள்.

ஆனால் உத்தரவு உண்மையில் கட்டுப்படுத்துவது, அதே வழக்கில் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்படும் பிஎஸ்என்எல் போன்ற இணையச் சேவை நிறுவனங்களைத்தான். கோளாறும் அங்கேதான். 2012இல் '3' படத்துக்காக வாங்கிய உத்தரவைக் காரணம் காட்டி, விமியோ போன்ற வீடியோ தளங்களையே இந்த நிறுவனங்கள் அடியோடு முடக்கிவிட்டன. அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத வீடியோக்களும் சேர்ந்து காணாமல் போயின. ஜூன் மாதம் நீதிமன்றம் திருத்திச் சொன்னது: படம் இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லை (இணையப் பக்க முகவரியை) மட்டும் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல. எந்த யூஆர்எல் என்று தயாரிப்பாளர் தர வேண்டும். கையில் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிறுவனம் தடுக்க வேண்டும்.

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை வாங்கினால், மனு, வழக்குரை நகல்களை அவருக்கு அனுப்பிவிட்டு அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39, விதி 3. அசோக் குமாருக்கு எந்த முகவரிக்கு அனுப்புவது? அவர் பக்க நியாயத்தைச் சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்பதால்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் 2016இல், ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்துப் பிரமாணப் பத்திரத்தோடு வா என்று கறார் காட்டியது.

திருடியவர் சிக்கினால் ஆணை 1, விதி 10இன்படி நிஜப் பெயரில் அவரைச் சேர்த்து சம்மன் அனுப்பலாம். நீங்கள் கேட்கிற சிறைக்கு இந்தத் தடை வழக்கை நம்ப வேண்டாம். போலீஸில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு.