கம்பிச் சடக்கு கிடந்த வழியில்: சிங்கப்பூர் ரயில் காரிடார் பற்றிய கேள்வி பதில்

தெற்கே தஞ்சோங் பகாரில் தொடங்கி வடக்கே உட்லண்ட்ஸை நோக்கிச் செல்லும், பழைய ரயில் பாதை கிடந்த நிலத்தில் அமைந்த 24 கிலோமீட்டர் பசுமை நடைவழியான ரயில் காரிடாரைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். தண்டவாளங்கள் அகற்றப்படுவதற்கு முன்பு, 2011 ஜூலையில் பொதுமக்களை அதன்மேல் நடக்க அனுமதித்த நாள்களில்தான் நான் முதன்முதலில் இந்த வழியில் நடந்தேன். அன்று முதல் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறேன்.

கேள்வி: முதல் முறையாகக் குடும்பத்துடன் வருகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

ஹில்வியூ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்து, கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டிக்கு அருகில் உள்ள பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் முடித்துக்கொள்ளுங்கள். சுமார் 4 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு இரும்புப் பாலங்கள், காட்டை ஒட்டிய நிழல், பழைய நிலையக் கட்டடம் ஆகிய மூன்றும் இந்தத் துண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. சில நுழைவாயில்களில் படிக்கட்டு மட்டுமே உண்டு என்பதால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்து வருவோர் சரிவுப்பாதை உள்ள நுழைவாயிலை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சிங்கப்பூருக்குள் இருந்த ரயில் பாதை மலேசியாவின் கையில் எப்படி இருந்தது?

1903-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில் பாதையை 1918-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே வாங்கியது. அந்த உரிமை பின்னர் மலாயன் ரயில்வேக்கு, அதாவது கேடிஎம்முக்கு வந்தது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் நிலம் ரயில்வேயின் வசமே இருந்தது. 1990-இல் இரு அரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு என்ன பொருள் என்பதிலேயே இருபது ஆண்டுகள் கருத்து வேறுபாடு நீடித்து, 2010-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. கேடிஎம் நிலங்களுக்கு ஈடாக மெரினா சவுத்திலும் ஒஃபிர்–ரோச்சோரிலும் நிலம் தருவது என்று முடிவாயிற்று. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். இந்த நிலத்தைத் துண்டு போடாமல் ஒரே பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010-லேயே முன்வைத்த திட்டத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: வடபகுதியும் தென்பகுதியும் ஒரே காலத்தவையா?

அல்ல. பாதையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. 1903-இல் போடப்பட்ட தடம் புக்கிட் தீமாவிலிருந்து நியூட்டன் வழியாக டேங்க் சாலைக்குச் சென்றது. நகரச் சாலைகளை அது சமதளத்தில் கடந்ததால், ஒவ்வொரு ரயிலுக்காகவும் சாலைப் போக்குவரத்து நின்று காத்திருக்க நேர்ந்தது. ஆகவே புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பழைய தடத்தைக் கைவிட்டு, மேற்குப் புறமாகச் சுற்றித் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாருக்குச் செல்லும் புதிய தடத்தை அமைத்து 1932-இல் திறந்தார்கள். சாலைக்கு மேலே பாலம், மேட்டில் வெட்டுப்பள்ளம், தாழ்வில் மண்கரை என்று சாலையோடு மோதாமல் போகும் இந்த ஏற்பாடு முழுவதும் அந்தப் பழைய தொல்லைக்குக் கண்ட தீர்வுதான். நடக்கும்போது ஏற்றம் காலுக்கே தெரிவதில்லை அல்லவா? கனத்த ரயிலை இழுக்கும் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தைத் தாங்காது என்பதால், வழி நெடுகிலும் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரவியும் சமன்செய்தார்கள். அந்த உழைப்பின் பயனை இன்று நம் முழங்கால்கள் அனுபவிக்கின்றன.

கேள்வி: புக்கிட் தீமா நிலையத்தில் பயணிகள் ஏறியதாகவே தெரியவில்லையே, அது எதற்காக இருந்தது?

பிற்காலத்தில் அதன் முதன்மையான வேலை ரயில்களை மாற்றிவிடுவது. முழுப் பாதையும் ஒற்றைத் தடம் என்பதால், எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடக்க ஓர் இணைத்தடம் வேண்டும். அது இங்கே இருந்தது. அடுத்த பகுதிக்குள் நுழைய, அந்தப் பகுதிக்குரிய டோக்கன் என்ற அனுமதி அடையாளம் ஓட்டுநர் கையில் இருந்தாக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும்படி கருவிகள் பூட்டப்பட்டிருந்ததால், ஒரே துண்டில் இரண்டு ரயில்கள் நுழைய வழியில்லை. வளையத்தில் மாட்டிய டோக்கனை, மெதுவாக நகரும் ரயிலில் இருப்பவர் கை நீட்டி வாங்கும் காட்சி 2011 வரை இங்கே நடந்தது. செங்கல் கட்டடத்தைச் செப்பனிட்டு 2022-இல் திறந்திருக்கிறார்கள். முன்னால் தண்டவாளங்களும் சிறிது தூரத்துக்கு விடப்பட்டுள்ளன. அங்கே பத்து நிமிடம் நின்று, எந்தத் தடம் எங்கே பிரிந்திருக்கும் என்று பாருங்கள்.

கேள்வி: இந்தப் பாதையில் தமிழர்களின் தடயம் ஏதேனும் உண்டா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மலாயா ரயில்வேயில் சிலீப்பர் கட்டை மாற்றியவர்களிலும், ஜல்லியை இறுக்கித் தடத்தை அன்றாடம் பராமரித்தவர்களிலும் பெரும்பங்கினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தார்கள். ஆகவே மேலாளர் மேசையிலும் தண்டவாளத்து வெயிலிலும் தமிழ் ஒலித்தது, ஆனால் ஒரே விதமான வாழ்க்கையாக அல்ல. நம் முதியவர்கள் ரயில் பாதையைக் கம்பிச் சடக்கு என்று சொன்னதும் அந்த வெயிலில் பிறந்த சொல்தான்.

கண்ணால் பார்க்கக்கூடிய சான்று வேண்டுமென்றால், காமன்வெல்த் எம்ஆர்டியில் இறங்கி ஸ்ரீ முனீஸ்வரன் கோவிலுக்குச் செல்லுங்கள். 1932-இல், அதாவது புதிய தடம் திறந்த அதே ஆண்டில், குவீன்ஸ்வே பகுதியில் வாழ்ந்த ரயில்வே தொழிலாளர்கள் சிறு குடிலாக எழுப்பிய வழிபாட்டிடம் அது. இடம் மாறி வளர்ந்து இன்று பெரிய கோவிலாக நிற்கிறது. கோவிலிலிருந்து காரிடார் நடை தூரம்தான். அருகிலுள்ள தங்ளின் ஹால்ட் என்ற பெயரும் ரயில் நின்று சென்ற இடத்தின் பெயரே. பாலங்களைப் படமெடுக்கும் நாம், அந்தப் பாலத்துக்கு வந்த தடத்தை அன்றாடம் நேராக்கியவர்களின் கோவிலையும் இந்த நடையின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: ரோட் பைக்கில் (மெல்லிய டயர் கொண்ட மிதிவண்டியில்) வரலாமா?

மெல்லிய டயர் வேண்டாம். பெரும்பகுதி இறுக்கிய மண்ணும் சரளையும் கலந்த தரை. மழைக்குப் பின் சில இடங்களில் வழுக்கும். அகலமான டயர் கொண்ட சாதாரண மிதிவண்டி போதும். இரும்புப் பாலங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள். பல இடங்களில் விளக்கு கிடையாது, ஆகவே இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். இடி கேட்டால் வெட்டவெளியில் நிற்காமல் வெளியேறிவிட வேண்டும்.

கேள்வி: குரங்குகள் பையைப் பிடுங்குமா?

பிளாஸ்டிக் பையைக் கண்டால் அருகில் வரும். உணவை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் உண்டு. குரங்கைவிட நீங்கள் தேட வேண்டியது வைக்கோல் நிறத் தலை கொண்ட புல்புல் பறவையை. கூண்டுப் பறவை வணிகத்தால் பல நாடுகளில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட அதன் கணீரென்ற குரலைச் சிங்கப்பூரில் இன்னும் கேட்க முடிகிறது. காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கி இல்லாமல் நடப்பவர்களுக்கு அது வாய்க்கும்.

கேள்வி: ஜூரோங்கிற்குச் சென்ற கிளைப் பாதையில் நடக்கலாமா?

தொழிற்பேட்டைச் சரக்குக்காக 1960-களில் போட்ட அந்தப் பாதை 1990-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. கிளமெண்டி காட்டுப் பக்கம் ஒரு சிறு சுரங்கமும் சில தண்டவாளங்களும் எஞ்சியுள்ளன. ஆனால் அது பராமரிக்கப்பட்ட நடைபாதை அல்ல. சேறும் புதரும் நிறைந்தது. பழகியவர் துணையின்றிச் செல்ல வேண்டாம்.

கேள்வி: ஒரே நாளில் முழுவதையும் நடக்க முடியுமா?

பழக்கம் உள்ளவருக்கு ஆறு முதல் ஏழு மணி நேரம் ஆகும். கிராஞ்சி எம்ஆர்டி பக்கமிருந்து விடியலில் தொடங்கித் தெற்கே வாருங்கள். பாதி வழிக்குச் சற்று முன்பின்னாகப் புக்கிட் தீமா நிலையம் வரும், அங்கே கழிப்பறை உண்டு. இடையில் கடைகள் அரிது என்பதால் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கொண்டு வாருங்கள். தஞ்சோங் பகார் நிலையம் எம்ஆர்டி கட்டுமானத்துக்காக 2016 இறுதியில் மூடப்பட்டது. அதன் திறப்பு நிலவரத்தைப் பார்த்த பிறகு முடிவிடத்தைத் தீர்மானியுங்கள்.