ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கும்முன் மூக்கைப் பாருங்கள்

கேள்வி: கொல்லிமலையில் தினை, சாமை, கொஞ்சம் மிளகு போட்டிருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினோம். ஒன்று பச்சை, ஒன்று நீலம். கடையிலேயே கூண்டில் பானையும் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் நீலம் உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. இரண்டே நாளில் செத்துவிட்டது. கிண்ணத்தில் தீனி நிறையவே இருந்தது. இரண்டுக்கும் மூக்கு காபிக்கொட்டை நிறம். துணைக்கு இன்னொன்று வாங்கலாமா? எப்படிப் பார்த்து வாங்குவது? எங்கள் தினையையே போடலாமா? வருவது பேசுமா என்று மகள் கேட்கிறாள்.

பதில்: மூக்கின் நிறத்தை எழுதினீர்களே, அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பதில் பெரும்பாலானவை பட்ஜிகள், ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவைகள். வளர்ந்த ஆணுக்கு அலகின் மேல், மூக்குத் துளை இருக்கும் வழவழப்பான இடம் நல்ல நீலமாக இருக்கும். பெட்டைக்கு அது பழுப்பாகவோ வெளிறியோ இருக்கும். முட்டைப் பருவத்தில் காபிக்கொட்டை நிறத்துக்கே போய்விடும். ஆக, ஜோடி என்று உங்களுக்குக் கொடுத்தவை இரண்டும் பெட்டை. இரண்டு பெட்டைக்கு ஒரு பானை என்றால் அங்கே சண்டை நிச்சயம். வலுத்தது மற்றதைத் தீனிப் பக்கமே அண்டவிடாது.

நீலம் எதனால் செத்தது என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘கிண்ணத்தில் தீனி நிறைய இருந்தது’ என்கிறீர்களே, அதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். இன்றைக்கே அந்தக் கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப்போய் மெதுவாக ஊதிப் பாருங்கள். பட்ஜி ஒவ்வொரு மணியையும் அலகால் உரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போடும். மேலே பார்த்தால் கிண்ணம் ததும்பும். ஊதினால் அடியில் நாலு மணிகூட இருக்காது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உயிர், ஒன்றிரண்டு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. தினமும் காலையில் உமியை ஊதிவிட்டு, ஒரு பறவைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி புதுத் தீனி போடுங்கள். இனி இரண்டு பறவை இருந்தால் இரண்டு கிண்ணம், கூண்டின் இரண்டு பக்கமும்.

பானையை இப்போதே கழற்றிவிடுங்கள். குஞ்சு வேண்டாம் என்றால் அது திரும்ப வரவே வேண்டாம். பானையைப் பார்த்தாலே பெட்டைக்கு முட்டையிடும் எண்ணம் வரும், சேவல் இல்லாமலே இடும். இட்டுக்கொண்டே இருந்தால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, ஒருநாள் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். குஞ்சு வேண்டும் என்றால் இரண்டுக்கும் ஒரு வயதாவது நிரம்பட்டும். நாள் விட்டு நாள் நாலு முதல் ஆறு முட்டை வரும், பதினெட்டு நாளில் பொரியும், ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு ஈடு போதும், அதற்குமேல் பெட்டை தேய்ந்துவிடும்.

இன்னொன்று வாங்கலாம். கூட்டமாக வாழும் பறவை, தனியாக விடுவது பாவம். ஆனால் இந்தமுறை சேவலாகப் பாருங்கள். ஆறு வாரம் தாண்டிய, தானாகத் தீனி பொறுக்கும் குஞ்சாக இருந்தால் நல்லது. குஞ்சுக்கு நெற்றியில் மூக்குவரை கோடுகள் ஓடும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மூன்று நாலு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி சுத்தமாகிவிடும். அந்த வயதில் சேவலின் மூக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதா. பெட்டைக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். முழு மஞ்சளும் முழு வெள்ளையும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நிறங்களில் சேவலுக்கு வயதானாலும் மூக்கு நீலமாவதில்லை, இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் பச்சை அல்லது நீல நிறத்தில் வாங்கினால் குழப்பம் இல்லை.

கடையில் போனவுடனே கூண்டை நெருங்காதீர்கள். ஆள் கிட்டே வந்தால் நோயாளிப் பறவையும் நிமிர்ந்து உட்கார்ந்து நடிக்கும். வேட்டைக்குத் தப்பி வாழ்ந்த இனம் அது. நாலடி தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். எது உப்பிப்போய் இரண்டு காலையும் ஊன்றித் தூங்குகிறது, எதற்கு மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறது என்று தெரிந்துவிடும். அப்படி ஒன்று இருந்தாலும் அந்தக் கூண்டில் எதையுமே வாங்காதீர்கள். அப்புறம் கையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகு சுத்தமாக இருக்க வேண்டும். நெற்றி இறகு ஒட்டிப் பிசுபிசுத்தால் வாந்தி எடுக்கிறது என்று அர்த்தம். அலகோரத்தில் சுண்ணாம்பு பூத்ததுபோல் பொறுக்கு இருந்தால் அது செதில் பூச்சி. மருத்துவர் மருந்தில் சரியாகும், ஆனால் வாங்கும்போதே ஏன் அந்த வம்பு? கடைசியாக நெஞ்சு எலும்பை விரலால் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும், எலும்பு துருத்திக்கொண்டு நின்றால் வேண்டாம்.

வாங்கியதை நேராகப் பச்சையோடு விடாதீர்கள். வேறு கூண்டு, வேறு அறை, முப்பது நாள். தீனி வைக்கும்போது பழையதைக் கவனித்துவிட்டுப் புதியதிடம் போங்கள், அப்புறம் கை கழுவுங்கள்.

உங்கள் தினை விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகப் போடலாம். நகரத்தில் தினைக் கதிரைப் பாக்கெட்டில் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். நீங்கள் அறுத்த கதிரையே கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் கொறித்துக்கொண்டே பொழுதைப் போக்கும். உமியோடு கொடுங்கள், அரிசியாக்க வேண்டாம். சாமையும் பனிவரகும் கலக்கலாம். சூரியகாந்தி விதை எப்போதாவது நாலைந்து, அவ்வளவுதான், கொழுப்பு. ஒன்று மட்டும் கட்டாயம்: விதைப்புக்கு என்று வாங்கி மருந்து கலந்து நேர்த்தி செய்த விதையில் ஒரு பிடிகூடக் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. மருந்தடித்த வயல் கீரையும் அப்படியே. வீட்டு முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொஞ்சம். வெறும் தானியத்தில் வைட்டமின் ஏ இருக்காது, அதை ஈடுகட்டக் கீரைதான் வழி. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு ஒன்றைக் கம்பியில் செருகி வையுங்கள், உங்கள் பச்சைப் பறவை முட்டைப் பருவத்தில் வேறு இருக்கிறது.

கூண்டு உயரத்தைவிட அகலமாக இருக்கட்டும், பட்ஜி பக்கவாட்டில்தான் பறக்கும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கடையில் தரும் ஒரே பருமன் பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டுக் கொய்யா, வேம்புக் கிளைகளை வையுங்கள், காலுக்கு நல்லது. மலையில் இரவுக் குளிர் அதிகம், திண்ணையில் விடாமல் உள்ளே எடுத்துத் துணி போட்டு மூடுங்கள். ஆனால் அடுப்புப் புகை, சாம்பிராணி, கொசுவத்தி இருக்கும் அறை ஆகாது. நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து கிளம்பும் ஆவி இவற்றை நிமிடங்களில் கொன்றுவிடும்.

இனி ஒருமுறை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு நாள் பொறுக்க வேண்டாம். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் குண்டு பல்பு வைத்துச் சூடு கொடுத்து, அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். பறவைக் கடையில் தரும் மஞ்சள் நிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலப்பது வீண். நோய்ப்பட்ட பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது.

மகளுக்கு: பேசும், சேவலாக இருந்தால். கலிபோர்னியாவில் 1994-ல் இறந்த ‘பக்’ என்ற சேவலுக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. குரல் மெல்லிசு, வேகமாக வரும், கூர்ந்து கேட்டால்தான் புரியும். பச்சைக்கிளிதான் பேசும் என்று யாராவது பிடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதை வளர்ப்பது 1972-ம் வருட வன உயிரினச் சட்டப்படி குற்றம். புதுக் குஞ்சு தனி அறையில் இருக்கும் அந்த முப்பது நாள்தான் பழக்கச் சரியான நேரம். காலையும் மாலையும் கால்மணி நேரம், ஒரே சொல், ஒரே குரல். பச்சையோடு சேர்ந்துவிட்டால் அது கேட்பது பச்சையைத்தான்.