த்ராட்டில் பாடியை உப்புத்தாளால் தேய்க்கும் முன்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு நான்கு பேருடன் ஏறும்போது உங்கள் பழைய, ஆக்சிலரேட்டர் கேபிள் வகைப் பெட்ரோல் கார் திணறுகிறது, அதனால் எஞ்சினுக்குப் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் துவாரத்தை வீட்டிலேயே தேய்த்துப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தகடு உட்காரும் இடத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். நான் தொட்டேன். கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, மூடிய தகட்டின் ஓரத்தில் பிறை போல வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கு வழியே காற்று புகுந்து ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. வேறு பாடி வாங்க வேண்டியதாயிற்று.

உண்மையான தடை தகட்டைத் தாங்கும் தண்டுதான். 40 மி.மீ. துவாரத்தின் பரப்பு சுமார் 1,257 சதுர மி.மீ.; குறுக்கே 8 மி.மீ. தண்டு நின்றால் 320 போய்விடும், கால் பங்கு! ஆனால் அதை மெலிதாக்குவது லேத் பட்டறை வேலை. தகட்டைத் தண்டோடு பிடிக்கும் திருகு ஒன்று கழன்றாலும் நேரே எஞ்சினுக்குள் விழும்.

முதலில் இன்டேக் மேனிஃபோல்டில் (த்ராட்டிலைத் தாண்டி எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) வேக்குவம் கேஜ் (உள்ளே உள்ள உறிஞ்சலைக் காட்டும் மானி) பொருத்தி, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அது பூஜ்யத்தை ஒட்டி நின்றால் த்ராட்டில் தடையே இல்லை. அப்போது எஞ்சின் கம்ப்ரஷனையும் கிளட்சையும் சோதியுங்கள். முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், பாடியைக் கழற்றிக் கரியைக் கிளீனரால் துடைத்தெடுங்கள். அதன் பிறகும் முள் இறங்காவிட்டால் மட்டும் தண்டைப் பற்றி யோசிக்கலாம்.