கேள்வி பதில்: 46 விநாடிப் பாட்டு, 3 நிமிடச் சுருள்

'அமெரிக்கன் ஹார்ட்கோர்' ஆவணப்படம் பார்த்தேன். பழைய கச்சேரிக் காட்சிகளில் வாயசைவும் பாட்டும் ஒட்டவே இல்லை. ஆட்டக்காரர்களும் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறார்கள். எனக்குக் கிடைத்த பிரதிதான் கோளாறா?
- ஒரு வாசகர், கோவை

பிரதிமேல் பழி போடாதீர்கள். பால் ராக்மன் இயக்கி 2006-ல் வந்த அந்தப் படம் 1980 முதல் 1986 வரையிலான கதையைச் சொல்கிறது. ஹார்ட்கோர் பங்க் என்பது ராக் இசையில் அதிவேகமும் ஆவேசமும் கூடிய வகை. அந்தக் காலத்தில் அதன் கச்சேரிகளைத் தொலைக்காட்சிக்காரர்கள் அவ்வளவாகச் சீண்டவில்லை. கூட்டத்தில் நின்றவர்கள் எடுத்து வைத்ததுதான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. சூப்பர் 8 பிலிம் கேட்ரிட்ஜ் ஒன்றில் இருப்பது 15 மீட்டர் சுருள். விநாடிக்கு 18 பிரேம் வைத்து எடுத்தால் 3 நிமிடம் 20 விநாடியில் தீர்ந்துவிடும். அதில் பெரும்பாலும் ஒலியும் கிடையாது. 18-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். நீங்கள் பார்த்த பேய் அதுவாக இருக்கலாம்.

வீடியோ டேப்பில் எடுத்திருந்தால் வேறு தொல்லை. கேமராவின் மைக் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். ஸ்னேர் என்கிற கூர்மையான ஓசை டிரம்மில் அடி விழும்போதெல்லாம் குரல் அமுங்கும். எடிட்டர் வெறுத்துப்போய் இசைத்தட்டின் ஒலியை மேலே போடுவார். மேடையில் அதே பாட்டைத் தட்டில் இருப்பதைவிட வேகமாக அடிப்பது இந்தக் கூட்டத்தின் வழக்கம். நாலாவது வரியிலேயே வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

பாட்டெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே, சோம்பேறித்தனமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

சோம்பேறியால் அந்த வேகத்தில் ஒரு நிமிடம்கூட அடிக்க முடியாது. காலால் மிதிக்கும் கிக் டிரம், ஸ்னேர், கிக், ஸ்னேர் என்று மாறி மாறி விழ, வலக்கை ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பலை விடாமல் தட்ட வேண்டும். குச்சியை இறுக்கிப் பிடிக்கிறவருக்கு முதல் பாட்டு முடிவதற்குள் முன்கை கல்லாகிவிடும். 'பேட் பிரெயின்ஸ்' குழுவினர் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். அவர்களுடைய துல்லியத்துக்கு அதுதான் அடித்தளம்.

கிடார் சோலோ, நீண்ட முன்னிசை எல்லாவற்றையும் வேண்டுமென்றே வெட்டினார்கள். 'மைனர் திரெட்' குழுவின் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாட்டு 46 விநாடிதான். 1981-ல் வந்த அவர்களுடைய முதல் 7 அங்குலத் தட்டில் எட்டுப் பாட்டு. மொத்தமாகவே பத்து நிமிடம் தாண்டாது. இது தட்டுக்கும் தோதான அளவு. நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்தை ஒட்டி நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டிவரும், ஒலியின் வலு குறையும். மையத்தை நெருங்கும் கடைசிப் பாட்டில் சிம்பல் ஓசை கரகரக்கும்.

படத்தில் பலர் புறங்கையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். ஏதாவது சங்கமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

தொடக்கத்தில் அது வாசல்காரரின் அடையாளம், அவ்வளவுதான். வாஷிங்டனின் 'டீன் ஐடில்ஸ்' பங்க் குழுப் பையன்கள் 1980-ல் கலிஃபோர்னியா போனார்கள். சான் பிரான்சிஸ்கோவின் 'மபுஹே கார்டன்ஸ்' அரங்கில், மது வாங்கும் வயது வராதவர்கள் என்று கண்டுகொள்ள அவர்கள் கையில் தடித்த மார்க்கரால் குறி போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் அதே ஏற்பாட்டைத் தங்கள் ஊர் கிளப்பிலும் கேட்டு வாங்கினார்கள். அவமானக் குறியாக இருந்திருக்க வேண்டியது, குடிக்காதவர்களின் கொடியாகிவிட்டது.

நண்பர்களின் பங்க் குழுவைப் பற்றிச் சிறிய ஆவணப்படம் எடுக்கிறோம். சின்ன ஹால், 80 பேர். மிக்ஸரிலிருந்து நேராக ஒலி எடுத்தால் போதுமா?
- கல்லூரி மாணவர், சென்னை

போதாது. முதல் முறை எடுப்பவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. சின்ன ஹாலில் டிரம்ஸும் கிடார் ஆம்பும் தாமாகவே காதைப் பிளக்கும் என்பதால், மிக்ஸருக்குப் போவது பெரும்பாலும் குரல் மட்டும். அதை மட்டும் பதிவு செய்தால், வெறும் அறையில் ஒருவர் தனியாகக் கத்துவது போலிருக்கும். மிக்ஸர் வழி ஒரு பதிவு, ஹாலின் பின்பக்கம் தலைக்கு மேல் உயரத்தில் ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று. இரண்டிலும் தானியங்கி ஒலி அளவை அணைத்துவிடுங்கள். ஒத்திகையில் உச்ச ஒலி ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 18 டெசிபலில் நிற்கட்டும். ஒத்திகையில் அடங்கி வாசிக்கிற டிரம்மர் கூட்டத்தைப் பார்த்ததும் வெளுத்து வாங்குவார்.

ரெக்கார்டர் மேடைக்கு 14 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி 40 மில்லி விநாடி பிந்தி வந்து சேரும். 25 பிரேம் வீடியோவில் அது ஒரு பிரேம். எடிட்டில் அந்தப் பதிவை அவ்வளவு முன்னால் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்னேரும் இரட்டையாகக் கேட்கும். பாட்டு தொடங்கும் முன் குச்சியால் நாலு தட்டுத் தட்டுவார்களே, ஒட்டுவதற்கு அதுவே அடையாளம்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடியில் இருந்தால் டியூப்லைட் சிமிட்டாது. லென்ஸ் அகலமானதாக இருக்கட்டும். கூட்டம் வட்டமாகச் சுழலும் நடுவில் போய் நிற்காதீர்கள். ஸ்பீக்கர் அடுக்குக்குப் பக்கவாட்டில் மேடை ஓரம்தான் உங்கள் இடம். காதடைப்பான் கட்டாயம்: 100 டெசிபலில் கால் மணி நேரமே காதுக்கு எல்லை.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம். எது?
- ஒரு வாசகர், புதுச்சேரி

பெனலோப் ஸ்பீரிஸ் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்து 1981-ல் வெளியான 'தி டிக்லைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்'. நினைவுகூரல் இல்லை, நடக்கும்போதே எடுத்தது. குழறிப் பாடும் வரிகளைத் திரையில் எழுத்தாகப் போட்டிருக்கிறார். 'அமெரிக்கன் ஹார்ட்கோர்' 1986-ஓடு கடையைச் சாத்திவிடுகிறது. அது பாதி உண்மைதான். அதே வாஷிங்டன் கூட்டத்திலிருந்து வந்த 'ஃபுகாஸி' குழு முதல் கச்சேரி செய்ததே 1987-ல்.