மூன்று அங்குலம் தூக்கிய பிக்கப்பில் 'டக்' சத்தம்: கிட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னுடையது நான்கு கதவு பிக்கப். முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்). உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வளையம் உள்ள லிஃப்ட் கிட் ஒன்றை வாங்கி, முன்பக்கத்தை 3 அங்குலம் தூக்கினேன். பின்னால் '300 கிலோ நிரந்தரச் சுமை' வகை பட்டைகள் போட்டிருக்கிறேன். இப்போது வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் 'டக்' என்று அடிக்கிறது, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைகிறது, பின்பக்கம் துள்ளுகிறது. இரண்டு மாதத்தில் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) மாட்டப் போகிறேன். வேறு கிட் வாங்க வேண்டுமா? முன்சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முன்பு 510 மி.மீ. இருந்தது, இப்போது 585. ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது 600.

பதில்: வேறு கிட் வேண்டாம். உங்கள் மூன்று தொல்லைகளில் இரண்டு, அளவுக்கு மீறித் தூக்கியதால் வந்தவை. மூன்றாவது, இல்லாத சுமைக்கு ஸ்பிரிங் வாங்கியதால் வந்தது. 'டக்' சத்தத்துக்கான விடையை உங்கள் கடைசி வரியிலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

600-லிருந்து 585-ஐக் கழித்தால் 15. வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் கீழே இறங்க மிச்சமிருப்பது 15 மி.மீ. மட்டுமே. இதே ஷாக்கை (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாயை) வைத்துக்கொண்டு பழைய உயரத்திலேயே விட்டிருந்தால் அந்த இடம் 90 மி.மீ. ஆக இருந்திருக்கும். மேடு ஏறும்போது சக்கரம் மேலே போவதைப் போலவே, மேட்டைத் தாண்டியதும் கீழே இறங்கவும் வேண்டும். உங்கள் வண்டியில் அது இறங்கத் தொடங்கிய உடனே ஷாக்கின் நீளம் தீர்ந்துவிடுகிறது. உள்ளே பிஸ்டன் தன் எல்லையில் போய் முட்டுகிறது. அந்த அடிதான் உங்கள் காதில் விழுகிறது. சத்தத்தோடு போனால் பரவாயில்லை. நாளடைவில் ஷாக்கின் மேல் ரப்பர் புஷ்ஷும் உள்ளிருக்கும் சீலும் சேர்ந்து வீணாகும்.

வளையத்தை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று பலரும் நம்புகிறார்கள், ஸ்பேனர் பிடிப்பவர்கள் உட்பட. ஒரே சீரான காயிலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு முன்சக்கரத்தின் மேல் சுமார் 500 கிலோ உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங், சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் கீழ் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கையின்) நடுப்பகுதியில் நிற்கிறது. அதனால் சக்கரம் 10 மி.மீ. அசைந்தால் ஸ்பிரிங் ஏறக்குறைய ஐந்தரை மி.மீ.தான் அசையும். அந்த விகிதப்படி ஸ்பிரிங் தாங்க வேண்டிய விசை சுமார் 8,900 நியூட்டன். ஒரு மி.மீ. சுருங்க 100 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்றால், வண்டி நிற்கும்போது அது 89 மி.மீ. சுருங்கியிருக்கும். வளையத்தை எவ்வளவு முறுக்கினாலும் வண்டியின் எடை மாறாதவரை இந்த 89 மாறாது. முறுக்கும்போது ஸ்பிரிங் உட்காரும் இடம்தான் நகர்கிறது, வண்டி உயர்கிறது, அவ்வளவே. அந்த உயரம் கீழிறங்கும் இடத்திலிருந்து வாங்கிய கடன். சவாரி விறைப்பாகத் தெரிவதும் ஸ்பிரிங்கால் அல்ல, ஷாக் அடிக்கடி எல்லையில் முட்டுவதால்.

ஸ்பேசர்களுக்கும் இதே கணக்குதான். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கட்டின்) தலையில் வைக்கும் 25 மி.மீ. வில்லை வண்டியை ஏறக்குறைய 45 மி.மீ. தூக்கும். கடையில் "ஒரு அங்குல வில்லை இரண்டு அங்குலம் தூக்கும்" என்று சொன்னால் அதில் பொய்யில்லை. ஆனால் தலையில் வைக்கும் வில்லை ஸ்ட்ரட் முழுவதையும் கீழே தள்ளுகிறது. சக்கரம் தொங்கும்போது ஆர்மும் அதன் முனையிலுள்ள பால் ஜாயின்டும் (உருண்டை மூட்டு) தயாரிப்பாளர் நினைத்திராத கோணத்துக்குப் போய்விடும். அந்த வகையில் நீங்கள் வாங்கியது மேலானது. ஷாக் தன் நீளத்தால் ஆர்மை ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது.

இப்போது செய்ய வேண்டியது, முன்பக்கத்தை 560-க்கு இறக்குவது. கீழே 40 மி.மீ. மிச்சமாகும், தூக்கிய உயரம் 50 மி.மீ. ஆகும். இந்த வகை சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியலையும் (இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆர்ம்களையும் சேர்த்துக் கீழே இறக்கும் பிராக்கெட் இல்லாமல் நான் யாருக்கும் பரிந்துரைக்கும் எல்லையும் அதுதான். 75 மி.மீ. தூக்கினால் சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் தண்டு நிரந்தரமாக வளைந்த கோணத்தில் சுற்றுகிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறத் தொடங்கினால் ஜாயின்ட் நீண்ட நாள் தாங்காது.

வண்டி தரையில் நிற்கும்போது வளையத்தைத் தொடாதீர்கள். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டு, மரையில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மசகு அடித்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். மண்ணோடு திருகினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும், பிறகு வளையம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. வளையத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, எத்தனை சுற்று இறக்கினீர்கள் என்று இரு பக்கமும் எண்ணுங்கள். சக்கரத்தில் 25 மி.மீ. இறங்க, வளையத்தில் 14 மி.மீ. அளவு இறக்கினால் போதும். தொங்கும் நிலையிலும் ஸ்பேனரால் திருக முடியாதபடி ஸ்பிரிங் இறுகியிருந்தால் ஸ்ட்ரட்டைக் கழற்றி, சரியான பிரஸ் உள்ள பட்டறையில் கொடுங்கள். கை கம்ப்ரஸ்ஸரில் நழுவும் ஸ்பிரிங் முகத்தை உடைக்கும்.

அளப்பதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் முதல் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தேன், குறித்த உயரத்துக்கு 20 மி.மீ. கூடுதலாக இருந்தது. பொறுமையில்லாமல் வளையத்தை மறுபடி இறக்கினேன். மறுநாள் காலை பார்த்தால் மூக்கு தொங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கியில் தொங்கும்போது சக்கரங்கள் உள்பக்கமாக ஒடுங்கும். இறக்கியதும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அவற்றை விரிய விடாது, வண்டியும் முழுதாக உட்காராது. அதனால் இறக்கிய பிறகு பத்து மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, பம்பரை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு அளந்து பாருங்கள். சமதளம், சரியான டயர் காற்று, உள்ளே ஆள் இல்லாத வண்டி. இடமும் வலமும் ஐந்தாறு மி.மீ. வேறுபட்டால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டியரிங் அலைவதற்குக் காரணம் காஸ்டர் கோணம் குறைந்தது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. வண்டியிலும் அதே சாய்வு உண்டு. முன்பக்கத்தைத் தூக்கும்போது மேல் ஆர்ம் கீழ்நோக்கி வளைந்து அந்தச் சாய்வைத் தின்றுவிடுகிறது. 560-க்கு இறக்கியதும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்துவிட்டு "ஆயிற்று" என்று சாவியைக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் காஸ்டர் இரு பக்கமும் குறைந்தது 3 டிகிரி இருக்க வேண்டும், பக்கங்களுக்கு இடையே அரை டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. கீழ் ஆர்மின் கேம் போல்டை (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) அதன் எல்லை வரை திருப்பியும் இது வரவில்லை என்றால், கோணம் திருத்திய மேல் ஆர்ம் வாங்கலாம். அந்தச் செலவுக்கு அப்போதுதான் நியாயம் உண்டு, அதற்கு முன் இல்லை.

பின்பக்கத்துக்கு வருகிறேன். '300 கிலோ நிரந்தரச் சுமை' என்று எழுதியிருந்தால், வண்டி தூங்கும்போதும் அந்த 300 கிலோ அதில் இருக்க வேண்டும். கூரை மூடி, இழுப்பறைகள், இரண்டாம் பேட்டரி, நிரந்தரத் தண்ணீர்த் தொட்டி ஆகியவை கணக்கில் சேரும். மாதம் ஒருமுறை ஏற்றும் மூட்டைகள் சேராது. பின்தொட்டி காலியாக இருந்தால் அந்தப் பட்டைகளுக்கு வளையவே வேலையில்லை. ஆக்சில் குதிக்கிறது, மழையில் பிடிமானமும் போகிறது. உங்கள் பட்டை அடுக்கின் அடியில் ஒரு கூடுதல் பட்டை இருந்தால், அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு படி மென்மையான அடுக்குக்கு மாற்றுங்கள். கிட்டின் பாகங்களில் நீங்கள் இப்போது பணம் செலவழிக்க வேண்டியிருக்கும் இடம் இது ஒன்றுதான். எப்படியானாலும் பட்டைகளை ஆக்சிலோடு பிடிக்கும் யூ-போல்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்டுவிட்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது.

உயரத்துக்காகப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைக்கச் சொல்வார்கள். ஒரு சிறிய கட்டை பின்னால் இருக்கலாம். கட்டை மேல் கட்டை கூடவே கூடாது. இழுக்கும்போது ஆக்சில் முறுக்கிப் பட்டையை 'எஸ்' வடிவில் வளைக்கும், கட்டை உயர உயர அந்த முறுக்கு கூடும்.

பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறதா என்று குனிந்து பாருங்கள். சில பிக்கப்களில் அது சுமையை உணரும் பிரேக் வால்வின் கம்பி. பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்த வால்வு வண்டி காலி என்று எண்ணி, பின்சக்கர பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பி பிடிக்கும் பிராக்கெட்டையும் தூக்கிய அளவுக்கு நகர்த்த வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் குழாயும் ஏ.பி.எஸ். ஒயரும் விறைக்கவில்லை என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

ஷாக்கில் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழ் இருந்தால், டயர் காற்றையும் உயரத்தையும் சரிசெய்த பிறகே அதைத் தொடுங்கள். வலப்பக்கமாக மெதுவாக எல்லை வரை திருப்பி, அங்கிருந்து பின்னோக்கி 'க்ளிக்'குகளை எண்ணி நடுவில் நிறுத்துங்கள். பிறகு ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரு சமயத்தில் இரண்டு க்ளிக் மட்டும் மாற்றி ஓட்டுங்கள். முன்னையும் பின்னையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

அடுத்தது பம்பர். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 80 கிலோ என்றால் முன் ஆக்சிலில் ஏறுவது சுமார் 100 கிலோ. ஆக்சிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எடை நெம்புகோல் போல வேலை செய்து, பின் ஆக்சிலிலிருந்து 20 கிலோவைத் தூக்கி முன்னால் போடும். மேலே சொன்ன ஸ்பிரிங்கில் இது சக்கரத்தில் 16 மி.மீ. இறக்கத்தைத் தரும். 560 என்பது 544 ஆகும். அப்போது வளையத்தை 9 மி.மீ. ஏற்றினால் பழைய உயரம் திரும்பும், கீழே 40 மி.மீ. இடமும் அப்படியே இருக்கும். வளையம் படைக்கப்பட்டதே இந்த வேலைக்குத்தான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு அதிகம் குனிந்தால் வளையத்தால் அதைத் தீர்க்க முடியாது. அடுத்த தர ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைத் தயாரிப்பாளரிடம் சொல்லி, அது எந்த முன்பக்க எடைக்கானது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் மாட்டியதும் அலைன்மென்ட் மறுபடி செய்ய வேண்டும். இரட்டைச் செலவுதான், ஆனால் இரண்டு மாதம் கோணல் சக்கரத்தில் ஓட்டித் தேயும் டயர் அதைவிட விலை கூடியது.

மூன்று அங்குலம் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாறையில் பின் டிஃபரன்ஷியல் இடிக்காமல் இருக்க என்றால், லிஃப்ட் அதற்கு உதவாது. பின் ஆக்சில் ஒரே தண்டு, பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் அது தரையிலிருந்து இருந்த தூரத்திலேயே இருக்கும். பெரிய டயர் ஒன்றே அதை உயர்த்தும். லிஃப்ட் தருவது பம்பரும் வயிற்றுப் பகுதியும் தட்டாமல் ஏறி இறங்கும் கோணத்தையும், டயருக்கான இடத்தையும். பதிலுக்கு வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும். தாங்கும் மொத்தச் சுமையின் அளவும் தடித்த ஸ்பிரிங்கால் சட்டப்படி உயர்ந்துவிடாது. உயர மாற்றத்துக்கு உங்கள் ஊர் விதி என்ன சொல்கிறது என்பதையும், காப்பீட்டாளருக்குத் தெரிவித்தாயிற்றா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து 500 கி.மீ. ஓடியதும் யூ-போல்டுகளைக் குறித்த டார்க்கில் (முறுக்கு விசையில்) மறுபடி இறுக்கி, நான்கு மூலையும் அளந்து, முகப்பு விளக்கின் கோணத்தைத் தாழ்த்துங்கள். 560-க்கு இறக்கிய பிறகும் 'டக்' நிற்கவில்லை என்றால், ஆர்ம் புஷ்களின் போல்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டார்களா என்று பட்டறையில் கேளுங்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் அவற்றை இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். அதுவும் சரியாக இருந்தால் ஸ்ட்ரட்டின் உச்சி நட்டையும், ஆன்ட்டி-ரோல் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டின்) இணைப்புக் கம்பியையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.